எரிகிற நிலத்தில் காட்டிய காணி

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழுந்து கேட்டார்: முன்பைவிட இப்போது காட்டுத்தீயால் வரும் இழப்பு கூடியிருக்கிறதே, அது காலநிலை மாறியதாலா, சனம் பெருகியதாலா? இரண்டும்தான் என்று மழுப்பிவிட்டு, தேநீர் வந்துவிட்டது என்று மேடையை விட்டு இறங்கிவிட்டேன். நல்ல கேள்வி அது. பதிலும் என்னிடம் இருந்தது. அதைச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும் என்பதால்தான் நழுவினேன். ஓய்வு பெற்ற மனிதனுக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தால் தான் செய்த நல்ல காரியங்களைத்தான் அடுக்குவான். தனியே இருந்து எழுதும்போது அப்படி அடுக்கக் கை வரவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன். வன்னிக்கு வன உத்தியோகத்தனாக மாற்றலாகி வந்தது தொண்ணூற்றொன்றில். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் நடுவே ஒரு குளம்; ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. குளத்துக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி ஒரு வண்டில் பாதை. பாதைக்கு இரு பக்கமும் பற்றைக்காடு. அதற்கு வடக்கே எங்கள் திணைக்களத்தின் தேக்கந்தோட்டம். என் பொறுப்பில் இருந்த நிலம் அவ்வளவுதான். அந்த நாளில் அது பெரிய இராச்சியமாகத் தெரிந்தது.

அலுவலகத்தில் ஒரு தீப் பதிவேடு இருந்தது. எங்கே எரிந்தது, எத்தனை ஏக்கர், என்ன இழப்பு என்று எழுத வேண்டும். அந்தப் பற்றைக்காடு நான் வந்த பிறகு மட்டும் மூன்று தடவை எரிந்தது. மூன்று தடவையும் இழப்பு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். அது பொய்யில்லை. புல்லும் முட்செடியும் எரியும், மாரி மழை விழுந்ததும் திரும்ப முளைக்கும். தேன் எடுக்கப் போனவர் போட்ட புகையோ, காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்ய வைத்த நெருப்போ, யாரோ எறிந்த பீடித்துண்டோ, அதைத் தேடிப் பிடிக்க யாருக்கு நேரம்? தேக்குப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வோம். மற்றும்படி எரியட்டும் என்று விட்டுவிடுவோம்.

தொண்ணூற்றாறில், போரில் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து சனம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடம், கோயில், மரநிழல் என்று எங்கும் ஆட்கள். பிரதேச அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, காட்டுக்குச் சேதமில்லாமல் அறுபது குடும்பத்தை இருத்த ஓர் இடம் காட்டும்படி கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. வரைபடத்தை விரித்து, வண்டில் பாதைக்குக் கிழக்கே இருந்த பற்றைக்காட்டில் விரலை வைத்தேன். அங்கே பெரிய மரம் இல்லை, துப்புரவாக்குவது இலேசு, மற்ற இடத்துப் பாலை, முதிரை மரங்கள் தப்பிவிடும். ஒரு வன உத்தியோகத்தனுக்கு இதைவிட நல்ல தீர்வு கிடைக்குமா? அங்கே ஏன் பெரிய மரமில்லை என்று என்னை நானே கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எரிந்து எரிந்துதான் அங்கே மரம் எழும்பவில்லை. அதை எழுதி வைத்த பதிவேடு அந்த வரைபடத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. காட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

என்னிடம் ஒன்பது பேர் கொண்ட தீக்காவல் கூட்டம் ஒன்று இருந்தது. அதன் தலைவி ஒரு மலையகப் பெண். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரம் ஒன்றில் அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்த குடும்பம். தோட்டத்தில் வேலையாட்களை நடத்துகிறவரைக் கங்காணி என்பார்கள்; நாங்கள் அவரைக் கங்காணியம்மா என்று கூப்பிடுவோம். முதலில் பகிடியாகத்தான் தொடங்கியது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. நெருப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கேட்டது. கேட்காமல் விட்ட மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கதை.

சனம் குடியிருக்கக் கொட்டில் போட்ட கையோடு செய்த முதல் வேலை வேலி அடைத்ததுதான். யாழ்ப்பாணத்தவரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. கூரை ஒழுகினாலும் பரவாயில்லை, வளவுக்கு வேலி இருக்க வேண்டும். தென்னோலையில் பின்னிய கிடுகும் பனையோலையுமாக ஒரு வளவின் வேலி அடுத்த வளவின் வேலியோடு முட்டி, ஒரு தொடராக ஓடியது. மலசலகூடங்கள் மட்டும் பாதைக்கு மேற்கே, பற்றைக்காட்டு விளிம்பில் இருந்தன. கிணறு வெட்டப்போகும் இடத்திலிருந்து தள்ளியிருக்க வேண்டும் என்று சுகாதார உத்தியோகத்தர் சொல்லியிருந்தார். பெண்கள் எல்லார் கண்ணும் பார்க்கப் பாதையைக் கடந்து போவதா? பெண்களே சேர்ந்து வந்து கேட்டார்கள். இரண்டு பக்கமும் கிடுகால் மறைத்து, நடந்துபோக ஓர் ஒழுங்கை அடைத்தோம். பாதையைக் கடக்கும் இடத்தில், வண்டில் வந்தால் மட்டும் திறக்கிற மாதிரி இரண்டு கிடுகுப் படலைகள். கம்பு வெட்ட அனுமதி கொடுத்தவன் நான். என் கையாலேயே சில கம்புகளை நட்டும் கொடுத்தேன்.

கங்காணியம்மா அந்த ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். "ஐயா, நெருப்பு வந்தா அந்த ரோட்டுல நிக்குமுங்க. இப்ப ரோட்டுக்கு மேல திரி போட்டு வச்சிருக்கீங்க" என்றார்.

பெண்பிள்ளைகளின் மானத்தையும் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். அப்போது மனதுக்குள் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன்: தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு வேலியின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். வெளியே சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அது கேட்டிருக்கும். இப்படியான நினைப்புகள் முகத்தில் தெரியும். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கிடுகுகளில் பெரும்பகுதியைப் பின்னியவர் சிவராசா. ஷெல் பட்டு வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். குடியிருப்பின் மேற்கு மூலையில், பாதையோரமாக, ஒழுங்கைக்கு அடுத்ததாக அவர் கொட்டில். நாள் முழுக்க நிலத்தில் இருந்தபடி பின்னிக்கொண்டே இருப்பார். காய்ந்த கிடுகு பக்கத்தில் குவிந்து கிடக்கும். மனைவி யோகேஸ்வரி, யோகம் என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். அதிகம் பேசாத மனுசி. ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"ஐயா, குளக்கட்டுக்குக் கீழை அந்த மருதடியில எங்களுக்கு ஒரு கொட்டில் போட விடுவீங்களோ? இங்க தண்ணி தூரமாக் கிடக்கு."

அது ஒதுக்குக் காடு என்றேன். ஒருவருக்கு விட்டால் அறுபது பேருக்கும் விட வேண்டிவரும், பிறகு அந்த மருதமரங்கள் மிஞ்சாது என்றேன். சட்டம், ஒழுங்கு என்று இன்னும் கொஞ்சம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு "ஓம் ஐயா" என்று சொல்லி, கொண்டுவந்த வாளியைத் தூக்கிக்கொண்டு குளத்துப் பக்கம் போனார். ஐந்து மருதமரங்கள். அவற்றின் கீழே நிலம் ஈரமாக, பச்சையாக இருக்கும். எந்தக் கோடையிலும் அங்கே நெருப்புப் போனதில்லை.

இனி மழையைப் பற்றி. சனம் வந்த பிறகு முதல் மாரி அளவுக்கு மிஞ்சிப் பெய்தது. பற்றைக்காட்டில் புல் ஆளுயரம் வளர்ந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மாரி தை பிறக்குமுன்னரே நின்றுவிட்டது. சித்திரையில் விழும் சிறுமழையும் விழவில்லை. வைகாசியில் தென்மேற்கிலிருந்து எழும்பிய கச்சான் காற்று ஓயாமல் வீசியது. ஆனி முடியும்போது குளத்தில் சேறுதான் மிச்சம். பெண்கள் குளத்துக்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி வாளி நிரப்பினார்கள். நிறையப் பெய்து புல்லை வளர்த்த மழையும், பெய்யாமல் அதைக் காயவைத்த மழையும் சேர்ந்துதான் நெருப்புக்கு விறகு அடுக்கின. வரட்சியை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது பிடிபடாது. நீங்கள் வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் பச்சையைக் கண்டு மகிழும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணியில் ஒரு நாள், நண்பகல் தாண்டியிருக்கும். நாங்கள் தேக்கந்தோட்டத்து ஓரத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தோம். தென்மேற்கில் புகை எழும்பியது. முதலில் ஒரு கோடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமாகிவிட்டது. காற்று அதை எங்களை நோக்கித் தள்ளியது. கொஞ்ச நேரத்தில் நெருப்பு இரண்டாகப் பிரிந்தது தெரிந்தது. ஒரு கிளை வடக்கே தேக்குக்கு, மற்றது கிழக்கே குடியிருப்புக்கு. என்னிடம் இருந்தது ஒன்பது ஆட்கள், மண்வெட்டிகள், கத்திகள், அடிப்பதற்குப் பச்சைக் கொப்புகள். தண்ணீர் வண்டி இல்லை. வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம், டீசல் என்ற சாமானையே மறந்திருந்தோம். ஒன்பது பேரைப் பிரித்தால் இரண்டு பக்கமும் கைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன்.

கங்காணியம்மா குடியிருப்புப் பக்கம் கையைக் காட்டினார். நான் தேக்குப் பக்கம் காட்டினேன். குடியிருப்புக்கு முன்னால் பாதை இருக்கிறது என்றேன். பிறகு, என் வாழ்நாளில் திரும்ப எடுக்க முடியாத ஒரு வார்த்தையையும் சொன்னேன்.

"மரத்துக்குக் கால் இல்லை. சனத்துக்குக் கால் இருக்கு, ஓடித் தப்பும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "நீங்க மரத்தப் பாருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு குடியிருப்பை நோக்கி ஓடினார். என் கட்டளையை மீறி ஓடியது அன்றைக்கு மட்டும்தான். நான் பின்னால் நின்று சத்தம் போட்டேன். திரும்பியும் பார்க்கவில்லை.

மிச்சம் ஆறு பேரும் நானும் சருகை இழுத்து, வெறும் நிலமாக்கி, கொப்பால் அடித்து, தேக்கைக் காப்பாற்றினோம். நல்ல வேலைதான் செய்தோம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் காப்பாற்றியது வளர்ந்த தேக்கு. நில நெருப்பில் அவ்வளவு இலேசாகச் சாகிற மரமல்ல அது. இலை கருகும், பட்டை கறுக்கும், மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். படித்த படிப்பில் அது முதல் வருடமே வருகிற பாடம். புகையைக் கண்டதும் படிப்பு மறந்துபோய், திணைக்களத்துச் சொத்து என்பது மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது.

குடியிருப்பில் நடந்ததைப் பிறகு அந்த மூன்று பெண்களும் சொன்னார்கள். நெருப்பு பாதையில் வந்து நின்றதாம், கங்காணியம்மா முன்பே சொன்னது போல. பிறகு மலசலகூடத்து ஒழுங்கையில் பிடித்து, கிடுகோடு கிடுகாக ஓடி, படலையில் ஏறிப் பாதையைக் கடந்ததாம். சனம் ஓடவில்லை. அதையும் நான் யோசித்திருக்கவில்லை. எரிந்து வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு, புகையையும் கண்டவுடன் குண்டு விழுகிறது என்று நினைத்து, வருடக்கணக்காகப் பழகியபடி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வளவுகளில் வெட்டியிருந்த பதுங்கு குழிகளுக்குள் இறங்கிவிட்டார்கள். இரண்டு பெண்கள் குழிகுழியாக ஓடி, தலைமயிரில் பிடித்து இழுக்காத குறையாக எல்லாரையும் வெளியே எடுத்துக் குளத்துப் பக்கம் துரத்தினார்கள். கங்காணியம்மா வேலிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார். நடுவில் ஒரு வரிசை வேலியை முழுதாகச் சாய்த்ததால் கிழக்கே இருந்த பாதிக் கொட்டில்கள் தப்பின.

சிவராசா குழிக்குள் இறங்கவில்லை. பெண்கள் பார்த்தபோது அவர் படலைக்குக் கிட்ட, நிலத்தில் இருந்தபடி அரக்கி அரக்கி நகர்ந்து, பின்னற்கத்தியால் வேலிக் கட்டுகளை அறுத்துக்கொண்டிருந்தாராம். தான் பின்னிய கிடுகு எப்படி எரியும் என்பது அவருக்குத் தெரியாதா? இரண்டு மறைப்பைச் சாய்த்துவிட்டிருந்தார். மூன்றாவதை அறுக்கும்போது பின்னால் இருந்த கிடுகுக் குவியல் பற்றிக்கொண்டது. கங்காணியம்மா அவரை இழுத்தெடுத்தார். கங்காணியம்மாவின் இரண்டு கைகளிலும் அன்று சுட்ட தழும்பு கடைசிவரை இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய ஓர் உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பாதி வழியில் சிவராசாவின் மூச்சு நின்றுவிட்டது. நெருப்பு வந்த நேரம் யோகம் குளத்து ஊற்றடியில் வரிசையில் நின்றிருந்தார். புகையைக் கண்டு ஓடி வந்தும் ஒரு மைல் ஓட வேண்டியிருந்தது.

அறிக்கை நான்தான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'கடும் வரட்சி' என்று போட்டேன். மேலே இருந்தவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. வேறு சிலர், அகதிகள் அடுப்பு மூட்டியதால் வந்த வினை என்றார்கள். வரட்சியைக் குற்றம் சொல்லலாம், அகதியைக் குற்றம் சொல்லலாம், இருவரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். காணியைக் காட்டியது யார் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. தேக்கைக் காப்பாற்றியதற்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்த இடப்பெயர்வில் அது தொலைந்துபோனது. வேண்டுமென்று தொலைக்கவில்லை, தேடவும் இல்லை.

ஆகவே, பின்வரிசைப் பிள்ளைக்கு என் பதில் இதுதான். மழை முறை பிழைத்தது நெருப்பைப் பெருப்பித்தது, அதை மறுக்கவில்லை. இனி இன்னும் பிழைக்கும் என்று நீங்கள் படித்தவர்கள் சொல்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் மூன்று தடவை வந்து ஒன்றையும் எடுக்காமல் போன நெருப்பு, நான்காம் தடவை வந்தபோது அங்கே அறுபது குடும்பம் இருந்தது. ஆட்கள் கூடினால் அடுப்பும் பீடியும் கூடும், நெருப்புப் பிடிக்கும் தருணங்களும் கூடும், அதுவும் உண்மை. என்றாலும் சனம் பெருகியதால் இழப்பு பெருகியது என்று ஒரு வசனத்தில் முடித்துவிடாதீர்கள். அந்தச் சனம் தானாக வந்து நெருப்பின் வழியில் குந்தவில்லை. காடு பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஒருவன் அவர்களை அங்கே இருத்தினான். நீங்களும் நாளைக்கு ஒரு வரைபடத்தின் முன்னால் நிற்பீர்கள். வெறும் நிலமாகத் தெரிகிற இடம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கட்டளையை மீறி ஓடுகிற ஒருவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவரைப் பின்னால் நின்று கூப்பிடாதீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமை யோகத்தைப் பார்க்கப் போனேன். எரிந்த வளவுக்குப் பக்கத்தில், யாரோ கொடுத்த தறப்பாளைக் கூரையாகக் கட்டி அதன் கீழ் இருந்தார். கதிரை இல்லை, ஒரு பெட்டியைத் திருப்பி வைத்து என்னை இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. மேலிடத்தில் பேசி அனுமதி எடுத்துவிட்டேன், மருதடியில் கொட்டில் போடலாம், கம்பும் நானே தருகிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. ஆனாலும் வேறு என்ன கொண்டுபோயிருக்க முடியும்?

அவர் கோபப்படவில்லை. குளத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"எனக்குத் தண்ணி தூரமில்லை ஐயா, நான் நடப்பன். அவருக்கு ஒருத்தரும் அள்ளி வாக்காமல் தானாப் போய்க் குளிக்கோணும் எண்டு ஆசை. அங்கயெண்டால் தடியை ஊண்டிக்கொண்டு போயிடுவார். அவருக்குத்தான் கேட்டனான்."

அன்றைக்கு அலுவலக வாசலில் அவர் நின்றபோது, யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.